நான் பத்தொன்பது என்று சொன்னேன்

“புவனா! மனு வந்திருக்கு, எந்திரி.”

வார்டர் அம்மா கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது நான் அசையவில்லை. ஜெயிலில் ‘மனு’ என்றால் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வந்த நாலு நாளில் அந்த வார்த்தை எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அது எனக்கு வரும் என்று நினைக்கவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதுகூட வீட்டு விலாசம் சொல்லாதவள் நான். வேறு புவனா யாராவது இருப்பாள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

“உன்னத்தான். திருப்பூர் கேசு புவனா நீதானே?”

எழுந்து போனேன்.

பார்க்கும் இடம் ஒரு நீளமான தாழ்வாரம். நடுவில் இரண்டு கம்பி வலை. ஒரு வலைக்கும் மற்றதற்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் அகலம். அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். வக்கீல் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல், ஆடு குட்டி போட்டிருக்கிறது, அண்ணன் பேச மாட்டேன் என்கிறான், எல்லாம் கலந்து ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு நடுவில், ஒயர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராஜாமணி அத்தை நின்றிருந்தார்.

அத்தைக்கு வெளி ஆட்கள் முன்னால் குரல் எழும்பாது. உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் காட்டினேன். வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டார்.

“சாப்பிட்டீங்களா கண்ணு?”

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் நான் வலையைவிட்டு ஓரடி பின்னால் வந்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைக்கூட ‘வாங்க போங்க’ என்று கூப்பிடுவோம் என்று கேலி செய்வார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அத்தை என்னைக் கூப்பிடுவது ‘வாடி, போடி, எங்கடி தொலைஞ்சே’ என்றுதான். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையால்தான் நான் இந்த வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

மரியாதை கூடினால்

இந்தத் தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என்னை ஈரோடு ரயில் நிலையத்தில் யாரோ கண்டெடுத்தார்கள். கொடுமுடியில் காவிரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். ஆறு வயதில் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் வீட்டில் என்னை வளர்ப்பதற்குக் கொடுத்தார்கள். தத்து இல்லை. வளர்ப்பு மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

பெரிய வீடு. தலையணை உறையிலிருந்து தயிர்ப் பாத்திரம் வரைக்கும் மஞ்சள் வாசனை. அந்த வீட்டு அம்மா நல்லவர்தான். சத்தமாகப் பேசுவார், சத்தமாகத் திட்டுவார், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலையை அரக்கி அரக்கிக் குளிப்பாட்டுவார். எனக்கு எட்டு வயதாகும்போது அவருக்குக் குழந்தை உண்டானது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் என்னைத் திட்டவே இல்லை. “வாங்க அம்மிணி, சாப்பிடுங்க அம்மிணி” என்றார். டம்ளரை உடைத்தேன், “பரவால்லீங்க” என்றார். ரோஸ் கலரில் புதுக் கவுன் தைத்து வந்தது. அல்வா வாங்கி வந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கவுனைப் போட்டுக் காரில் உட்கார வைத்தார்கள். கார் கொடுமுடி ரோட்டில் திரும்பும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்களை நான் இன்றைக்குக் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதில் ஒரு பாடம் மனதில் பதிந்துவிட்டது. மரியாதை கூடினால் துணியை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் ராஜாமணி அத்தையும் துரைசாமி மாமாவும் வந்தார்கள். அத்தை கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. மாமா பஞ்சாலைத் தொழிலாளி. தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த குடும்பம், இவர்கள்தான் முதலில் டவுனுக்கு வந்தவர்கள். சிங்காநல்லூரில் ஒரு வளவில் குடியிருந்தார்கள். எட்டு வீடு வரிசையாக, எல்லோருக்கும் ஒரே குழாய். குழந்தை இல்லை.

இல்லத்து அம்மா என்னிடம், “இனிமே இவங்கதான் உனக்கு அம்மா” என்றார். அத்தை குறுக்கே புகுந்து, “அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அவ வாயில என்ன வருதோ அது வரட்டும்” என்றார். என் வாயில் அத்தை என்று வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

அந்த வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில் முதல் திட்டு வாங்கினேன். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு காலைக் கழுவிவிட்டேன்.

“சிறுவாணித் தண்ணியடி அது! காலு கழுவவா புடிச்சு வெச்சிருக்குது? உப்புத்தண்ணி அக்கட்ட தொட்டியில இருக்குது பாரு!”

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கணக்கில் முப்பத்தொன்று

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கில் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் பெயில். வளவில் என்னோடு பரீட்சை எழுதிய மற்ற இரண்டு பேரும் பாஸ்.

அத்தை டியூட்டி முடிந்து வருவதற்குள் நான் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தேன். விளக்குமாறு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

“போச்சாதுங்க கண்ணு. இன்னொருக்கா எழுதிக்கலாமுங்க.”

அவ்வளவுதான். எனக்குக் காருக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் பார்த்தேன். திட்டு வரவில்லை. மூன்றாம் நாள் அத்தை வேலைக்குப் போனதும், மாற்றுத்துணி இரண்டை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறிவிட்டேன். அவர்கள் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் நானே போய்விட்டால், திருப்பிக் கொடுக்கப்பட்டவள் என்ற பெயர் இரண்டாவது தடவை வராது அல்லவா? பதினாறு வயது புத்தி அவ்வளவுதான் ஓடியது.

திருப்பூரில் செல்வி இருந்தாள். இல்லத்தில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். பதினெட்டு முடிந்ததும் இல்லத்தைவிட்டு வெளியே வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். நாலு பெண்கள் தங்கிய ஒரு அறையில் எனக்கும் இடம் கொடுத்தாள்.

“வயசு கேட்டா பத்தொம்பதுன்னு சொல்லு. உசரமா இருக்கறே, நம்பிப்போடுவாங்க.”

சொன்னேன். நம்பினார்கள். பிசிறு வெட்டும் வேலை கொடுத்தார்கள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் கத்தரிக்கோல் சத்தம், தையல் மிஷின் சத்தம். பஞ்சுத் தூசி கண் இமையில் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அத்தையின் குரல் காதில் கேட்கும். தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

இதற்குமேல் எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

கம்பெனியில் வெட்டுத்துண்டு வேஸ்ட்டை மூட்டை கட்டி வெளியே போடுவார்கள். அந்த மூட்டைக்குள் நல்ல பனியன்களை வைத்துக் கட்டி வெளியே கொடுப்பதற்கு ஒரு டெம்போ டிரைவரோடு செல்வி ஏற்பாடு செய்திருந்தாள். முதல் மூட்டையை நான் தெரியாமல் தூக்கினேன். இரண்டாவது மூட்டையைத் தெரிந்தே தூக்கினேன். அன்றைக்கு கேட்டில் வாட்ச்மேன் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். டிரைவர் வண்டியோடு ஓடிவிட்டான். செல்வியும் நானும் மாட்டிக்கொண்டோம்.

ஸ்டேஷனில் ரைட்டர் பேர் கேட்டார், சொன்னேன். வயசு கேட்டார்.

அந்த இடத்தில் பதினாறு என்று சொல்லியிருந்தால் கதை வேறு. சின்னப் பெண்களை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, அவர்களுக்குத் தனி இல்லம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பதினாறு என்றால் அடுத்த கேள்வி, ‘அப்பா அம்மா யாரு, விலாசம் என்ன?’

“பத்தொம்பதுங்க” என்றேன்.

கம்பெனி நோட்டிலும் பத்தொன்பது என்றே இருந்தது. யாரையும் குறை சொல்ல இடமில்லை. பதினைந்து நாள் காவலில் வைக்கச் சொல்லி உத்தரவு ஆனது.

ஒன்பது பேர், ஒரு அறை

எந்த ஜெயில் என்பது முக்கியமில்லை. பெண்கள் பகுதி ஒரு பெரிய அறை, ஒரு முற்றம், ஒரு வேப்பமரம். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதிலுக்கு மேலே ஊதிக்கொண்டு போகும். உள்ளே இலை மட்டும் உதிரும்.

வாசலிலேயே என் ரிப்பனையும் ஊக்கையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஜடையை முடிய ஒன்றுமில்லை. செல்வி தன் தாவணி ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

ஜெயில் என்றதும் எல்லோரும் கேட்பது, ‘பயமாக இல்லையா?’ என்றுதான். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள் பயம் போய்விட்டது. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும், சாயங்காலம் தலையை எண்ணிப் பூட்டுவார்கள். இல்லத்தில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் பழைய பழக்கம். வரிசையில் எங்கே நின்றால் குழம்பில் காய் கிடைக்கும் என்பதை ஒரே வேளையில் கண்டுபிடித்தேன். பக்கத்தில் படுத்த நாமக்கல் அக்கா, “எத்தனாவது தடவைடி வர்றே?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. இது எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறதே என்ற பயம்.

அந்த அக்காவுக்கு இரண்டு வயதில் ஒரு ஆண் குழந்தை. உள்ளேயேதான் நடக்கப் பழகியிருந்தான். சாயங்காலம் வார்டர் அம்மா எங்களை உட்கார வைத்து எண்ணும்போது, அவனும் பின்னாலேயே தத்தித் தத்தி வந்து எங்கள் தலையை ஒவ்வொன்றாகத் தொடுவான். “ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு.” அவனுக்கு அந்த ஒரு எண்தான் தெரியும். வார்டர் அம்மாவுக்கே சிரிப்பு வந்து கணக்குத் தவறி மறுபடி எண்ணுவார்.

நாலாம் நாள்தான் அத்தை வந்தது.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டதற்கு, சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

“வயசு என்னன்னு சொன்னீங்க?”

விரலால் காட்ட முடியாது. கத்தினேன். “பத்தொம்பது!”

அத்தை கண்ணை மூடித் திறந்தார். “செரி. நான் பாத்துக்கறனுங்க. பயப்படாம இருங்க” என்றார். ஒயர் கூடையிலிருந்த பிஸ்கட்டையும் சோப்பையும் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

திரும்பி வந்து செல்வியிடம், “கடைசியாப் பாத்துட்டுப் போக வந்திருக்காங்க” என்றேன்.

“எப்படிச் சொல்றே?”

“ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க.”

இல்லத்தில் வளர்ந்தவள் அல்லவா, செல்விக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சோப்பை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம்.

அத்தை அலைந்தது

அதற்கப்புறம் ஒரு வாரம் வெளியில் நடந்தது எனக்குப் பின்னால் மாமா சொல்லித்தான் தெரியும்.

நான் காணாமல் போன நாளிலிருந்தே அத்தை என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். செல்வியின் கடிதங்கள் திருப்பூரிலிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். லீவு போட்டுக் கம்பெனி கம்பெனியாகப் போய், என் பள்ளிக்கூடப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். கடைசியில் எங்கள் கம்பெனி வாட்ச்மேன் போட்டோவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாராம்.

ஜெயிலிலிருந்து அத்தை நேராகத் தன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனார். அவர் ஒரு வக்கீலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வக்கீல், “வயசுக்கு ஆதாரம் கொண்டாங்கம்மா” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போனால், அங்கே என் பேருக்கு நேராகக் காப்பாளர் என்று இல்லத்தின் பெயர்தான் இருந்தது. இல்லத்திலிருந்து கடிதம் வந்தால்தான் சான்றிதழ் தர முடியும் என்றார்கள். அத்தை அங்கிருந்தே கொடுமுடிக்குப் பஸ் ஏறினார்.

இல்லத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதிதாக வந்த அம்மாவும் அத்தையும் சேர்ந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, கரையான் அரித்த நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர்தான் கண்டுபிடித்தாராம். ‘ஈரோடு ஜங்ஷன். பெண். வயது சுமார் மூன்று. பச்சைப் பாவாடை. வலது முழங்காலில் தழும்பு.’

“அதைப் படிச்சுப்போட்டு அங்கேயே உக்காந்துட்டாளாம். பச்சைப் பாவாடை, பச்சைப் பாவாடைன்னு ரெண்டு நாள் சொல்லிட்டே இருந்தா” என்றார் மாமா.

அந்த ஏட்டின் நகல், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கோர்ட்டுக்குப் போயிற்று. என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பைப் பார்த்தால் வயது தெரியுமாம். எனக்குப் பத்தொன்பது ஆகவில்லை என்று என் எலும்பு சொல்லிவிட்டது. உடனே ஜெயிலிலிருந்து எடுத்துச் சிறுமிகள் இல்லத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு.

கிளம்பும்போது செல்வி முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எதுக்குடி தலையைக் குனிஞ்சுக்கறே? உனக்குக் கேக்கறதுக்கு ஆளு வந்திருக்குது. போ” என்றாள். ஈரக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“என்ன வேணும்?”

சின்ன வயதுக்காரர்களுக்கான கோர்ட் கோயம்புத்தூரில் இருந்தது. சின்ன அறை. மேலே மின்விசிறி கரகரவென்று ஓடியது. ஒரு ஓரத்தில் நான். எதிரே அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே வெளுத்த நீலச் சேலையில்.

நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?”

“அத்தைங்க.”

“அப்பா கூடப் பொறந்தவங்களா?”

“இல்லீங்க.”

“மாமா சம்சாரமா?”

“இல்லீங்க ஐயா. அவளுக்கு அப்பனும் தெரியாது, மாமனும் தெரியாது. கூப்பிடறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா, அதுக்கு அத்தை.”

“தத்து எடுத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. வளக்கறதுக்குக் குடுத்தாங்க. கடுதாசி குடுத்திருக்கறனுங்க.”

நீதிபதி அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“இதுல, வளர்க்க முடியாத நிலை வந்தா இல்லத்துல திருப்பி ஒப்படைக்கலாம்னு போட்டிருக்கே. இப்ப பொண்ணு திருட்டு கேஸ்ல வந்து நிக்குது. ஒப்படைக்க விரும்பறீங்களா?”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அத்தை கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்படி ஒரு வரி இருக்கறது எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

“இப்ப தெரியுதில்ல?”

“தெரியுதுங்க. அந்த வரி எனக்கு வேண்டாமுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அவருக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது. “அவ பண்ணுனது தப்புத்தானுங்க. இல்லைங்கல. ஆனா அதுக்கு நான்தானுங்க உதைக்கோணும்? உதைக்கறதுக்கு அவ ஊட்டுல இருக்கோணுமில்லீங்களா?”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார்.

அத்தை கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது. ரா, ஜா, ம, ணி என்று நாலு எழுத்தையும் பேனாவை எடுத்து எடுத்து எழுதினார்.

டவுன் பஸ்ஸில்

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அத்தை எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சுங்கம் தாண்டியது, அப்போதும் ரோட்டைத்தான் பார்த்தார். நான் என் துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே வந்தேன். ராமநாதபுரம் ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. பஸ் கிளம்பியதும் அத்தை ஆரம்பித்தார்.

“அறிவிருக்குதாடி உனக்கு?”

நான் நிமிர்ந்தேன்.

“கணக்குல பெயிலானா ஊட்டை உட்டு ஓடிப்போவாங்களாடி? ஊருல எவளும் பெயிலானதே இல்லியா? கம்பெனி கம்பெனியா உன்ற போட்டோவைக் கையில வெச்சுட்டு நின்னேன். ஒருத்தன் என்னைப் பிச்சைக்காரின்னு நெனைச்சு அக்கட்ட போங்கறான். பத்தொம்பதாமா பத்தொம்பது! ஒழுங்கா ஒரு ஜடை பின்னத் துப்பில்லை, இவளுக்குப் பத்தொம்பது வயசு! மூட்டை தூக்குனியாமே? ஊட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு வலிக்குதுன்னுவியேடி, கழுதை!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் கூட்டத்தில் புகுந்து வந்து, “ஏனுங்கக்கா, கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. நான் ஊதற விசிலு டிரைவருக்குக் கேக்க மாட்டேங்குது” என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிலில் வராத அழுகை. அழுதுகொண்டே சிரிக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. உடம்பில் இருந்த கனமெல்லாம் இறங்கிக்கொண்டே வந்தது. அத்தை இன்னும் இரண்டு ஸ்டாப்புக்குத் திட்டினார்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டேன். “அப்பறம் ஏன் அத்தை ஜெயில்ல என்னை வாங்க போங்கன்னு பேசுனீங்க?”

அத்தை என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பின்ன? அத்தனை பேருக்கு முன்னால கம்பிக்குள்ள நிக்கறே. நானே வாடி போடின்னா, அங்க இருக்கறவங்க உன்னைய எப்படி நடத்துவாங்க? இவளுக்கும் மரியாதை குடுக்கறதுக்கு ஆளு இருக்குதுன்னு தெரியோணுமில்ல?”

“ரிசல்ட் வந்த அன்னிக்கு?”

“அன்னிக்கு நீ அழுதுட்டு இருந்தே. அழுவற புள்ளையத் திட்டுவாங்களாடி?”

எட்டு வருஷமாக நான் வைத்திருந்த கணக்கு, இந்த வீட்டுக்குப் பொருந்தாத கணக்கு. அதிலும் நான் பெயில்தான்.

கேஸ் ஒரு வருஷம் இழுத்தது. கடைசியில் என்னைக் கண்டித்து அனுப்பினார்கள். செல்வி உள்ளே இருந்த மாதங்களையே தண்டனையாகக் கணக்கிட்டு விட்டுவிட்டார்கள். அது முடியும்வரை, மாதம் இரண்டு தடவை அத்தை அவளுக்கும் மனு போட்டார். உறவு என்ற இடத்தில் ‘அத்தை’ என்றே எழுதச் சொன்னாராம். செல்வி இப்போது அவிநாசியில் இருக்கிறாள், இரண்டு பையன்கள். தீபாவளிக்கு முதல் போன் அவளுடையதுதான்.

மஞ்சக்காமாலை

பஸ் ஸ்டாப்பில் மாமா சைக்கிளோடு நின்றிருந்தார். ஆடிக்காற்றில் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிகம் பேசாத மனிதர். என் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார்.

“காத்து பலமா இருக்குது” என்றார். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, “வளவுல உனக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுல இருந்து நீ வைத்தியம் பாக்கறேன்னு. ஏமாந்து கீது எதுவும் சொல்லிப்போடாதே” என்றார்.

பொய்யே சொல்லத் தெரியாத மாமா, எனக்காகச் சொன்ன ஒரே பொய்யை இவ்வளவு பெரிதாகச் சொல்லி வைத்திருந்தார். மஞ்சக்காமாலைக்காரி எண்ணெய் தொடக் கூடாது, காரம் தொடக் கூடாது. வீட்டில் எனக்காக வாங்கிய கறி உள்ளே அடுப்பில் கொதிக்க, அக்கம்பக்கத்துக்குத் தெரியும்படி வாசலில் உட்கார்ந்து மோர்சோறு சாப்பிட்டேன். என் பங்கை அத்தை இருட்டியதும் கதவைச் சாத்திவிட்டுப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் கடைசி வீட்டுக் கமலக்கா கையில் ஒரு டம்ளரோடு வந்து நின்றார். வளவிலேயே கறாரான ஆள். குழாயடியில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

“கீழாநெல்லி அரைச்சு மோருல கலக்கியிருக்கறேன். வெறும் வயித்துல குடிக்கோணும். ஏழு நாளைக்கு.”

அப்படி ஒரு கசப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. டம்ளர் காலியாகும்வரை கமலக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரிலேயே நிற்பார். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் எல்லோரும் பார்ப்பார்கள். “கண்ணுல மஞ்சள் கொறைஞ்சிருக்குது” என்று ஒருவர் சொல்வார். “நகத்துல இன்னும் இருக்குது” என்று இன்னொருவர் சொல்வார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.

ஏழாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு கறாரான மனுஷி எனக்காக விடிகாலையில் இலை பறித்து அரைக்கிறாரே, அவரை ஏமாற்றிக் குடிக்கிறோமே என்று இருந்தது. பாதியில் நிறுத்தி, மெதுவாக, “அக்கா, எனக்கு மஞ்சக்காமாலை இல்லீங்க” என்றேன்.

“தெரியும்” என்றார் கமலக்கா.

நான் டம்ளரைக் கீழே இறக்கினேன்.

“மனு பாத்துட்டு வந்தா கையில ஊதாக் கலர்ல முத்திரை குத்துவாங்க. உங்க அத்தை அன்னிக்கு வந்து குழாயடியில தேய்தேய்னு தேய்ச்சா. அது அவ்வளவு சீக்கிரம் போவாது கண்ணு. என்ற தம்பி உள்ள இருந்தப்ப மூணு வருசம் என்ற கையிலயும் அது இருந்துது.”

“தெரிஞ்சுட்டேவா ஏழு நாளும் குடுத்தீங்க?”

கமலக்கா குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க மாமா மஞ்சக்காமாலைன்னு சொல்லிப்போட்டாரு. வளவுல எல்லாருக்கும் கீழாநெல்லி குடுக்கறது நான். நான் குடுக்காம இருந்தா மத்தவங்க நம்புவாங்களா?”

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“என்ன பாத்துட்டு நிக்கறே? அடியில கெடக்கறதுதான் மருந்து. முழுசாக் குடி!”

குடித்தேன்.